யாளியின் காலடியில்

நான்காவது தூண் மறுபடியும் சாய்ந்திருந்தது.

வெறும் கண்ணுக்கு அந்தச் சாய்வு தெரியாது. இன்னாசி ஏணியில் ஏறி, தூணின் பக்கவாட்டு முகத்தில், உச்சியின் நடுவிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டான். நூல் ஆடி அடங்கியதும் குண்டின் முனை, அடியில் அவன் இழுத்து வைத்திருந்த சாக்பீஸ் கோட்டின்மேல் நிற்க வேண்டும். கோட்டுக்கு ஒரு கட்டைவிரல் அகலம் முன்னால் நின்றது. முந்தின நாள் கிளம்பும்போது முனை கோட்டின்மேலேயே நின்றதை அவன் பார்த்திருந்தான்; மச்சான் லியோனார்டையும் கூப்பிட்டுக் காட்டியிருந்தான். பூட்டிய கிடங்குக்குள், இரண்டு ஆள் உயரக் கருங்கல் தூண் தானாகத் தலையைக் குனிந்திருந்தது.

"உன் மேல அதுக்கு ஒரு இது கீது மாமா," என்றான் லியோனார்ட், பீடியைக் காதில் செருகிக்கொண்டே. "தெனமும் குனிஞ்சி உன் மூஞ்சியப் பாக்குது."

"மூடிகினு ஆப்ப எட்றா. அதுக்கு முன்னால நிக்காத, பின்னால வா."

மழை நாள். காலையிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. தண்டையார்பேட்டையில் துறைமுகத்துச் சரக்குக்காகக் கட்டப்பட்ட அந்தக் கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை இடைவிடாமல் உருள, வெளியே கூட்ஸ் வண்டிகள் முட்டிக்கொள்ளும் ஓசை சுவர் வழியாக வந்து தரையில் அதிர, ஊறிய கோணியும் கிரீஸும் எலிப்புழுக்கையும் கலந்த பழைய நாற்றத்துக்கு அடியிலிருந்து புதிதாக ஒரு வாடை எழுந்துகொண்டிருந்தது: எப்போதோ எரிந்து அணைந்த மரத்தின் வாடை.

தூண்கள் வந்து சேர்ந்த விதம் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ஹோஸ்பேட்டைப் பக்கத்திலிருந்து இரும்புத் தாது துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. தாது லாரியின் அடியில் கல்லைப் படுக்க வைத்து மேலே சிவப்பு மண்ணைக் கொட்டிவிட்டால் எந்தச் செக்போஸ்டும் கிளறிப் பார்க்காது. துங்கபத்திரைக் கரையில் விஜயநகர ராஜாக்களின் தலைநகரம் இடிந்து கிடக்கிறது. எதிரிப் படைகள் புகுந்து எரித்த நகரம். தீ பட்டால் கருங்கல் உருகாது, வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக வெடித்து உரியும். இந்த நான்கு தூண்களின் முதுகிலும் அப்படி உரிந்த தடம் இருந்தது.

அவற்றை முதலில் கிடங்குக்குள்ளேயே மண்டபமாக நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கல்லும் எங்கே உட்கார்கிறது என்று பெயின்ட்டில் எண் போட்டு, பிரித்து, பெட்டிகட்டி, கப்பலில் ஏற்ற வேண்டும். கடல் கடந்து வாங்குகிறவன் அந்த எண்களைப் பார்த்து அங்கே மறுபடி கட்டிக்கொள்வான். துறைமுகத்தில் கலாசியாகப் பாரம் தூக்கிப் பழகிய இன்னாசிக்கு அந்த வேலை முறை பிடித்திருந்தது. கல் மண்டபத்தில் சுண்ணாம்பு இல்லை, ஆணி இல்லை. அடிக்கல்மேல் தூண். தூணின் தலையில் ஒரு முளை. முளையில் மாட்டிக்கொள்ளும் போதிகைக் கல். போதிகைமேல், தூணுக்குத் தூண் பாலமாக, உத்தரம். உத்தரத்தின்மேல் கூரைப் பலகைகள். மேலே ஏற்ற ஏற்ற எடை தூண் வழியாக நேராகக் கீழே இறங்கி, தூணை அடிக்கல்லோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சுமைதான் அதற்குப் பசை. சுமையை எடுத்துவிட்டால் தூண் என்பது செங்குத்தாக வைத்த கல், அவ்வளவுதான்.

மூன்று தூண்கள் ஒழுங்காக நின்றன. நான்காவது நிற்காததால் உத்தரம் உட்காரவில்லை. ஒரு முனை போதிகையில் இருக்க, மறுமுனை செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியின் கொக்கியில் கூரைக்குக் கீழே தொங்கியது.

இன்னாசி எல்லாவற்றையும் முறையாகச் சோதித்துப் பார்த்திருந்தான். முதலில் தரையைச் சந்தேகப்பட்டான். அந்தப் பக்கம் முழுக்கக் கடல் மணல், பாரம் வைத்தால் அமுங்கும். தூணைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தான். சாய்ந்தது. திசையைத் திருப்பி வைத்தான். சாய்வும் கூடவே திரும்பியது. எந்தப் பக்கம் வைத்தாலும் அது தன் முகம் இருக்கும் பக்கமே குனிந்தது. அப்போதுதான் அவனுக்குக் காரணம் புரிந்த மாதிரி இருந்தது. தூணின் முன்பக்கம், ஒரே கல்லில், பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் யாளி. சிங்க உடம்பு, பிதுங்கிய கண், யானையின் துதிக்கை, முதுகில் வாள் பிடித்த வீரன். அவ்வளவு கல்லும் முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் முன்பாரம் அதிகம். கோயிலில் கூரை அழுத்திப் பிடித்திருக்கும். இங்கே கூரை இல்லை. ஆகவே தலையில் எடை வேண்டும். தண்டவாளத் துண்டுகளை உச்சியில் அடுக்கிக் கட்டிப் பார்த்து, பயனில்லாமல் இறக்கினான். அடியில் முன்பக்கம் தேக்கு ஆப்பு அடித்தான்.

காலையில் தேக்கு ஆப்பு அப்பளமாகத் தட்டையாகி இருந்தது. இரும்பு ஆப்பு வைத்தான். அது எதிர்ச்சுவரில் மோதி விழுந்து கிடந்தது. சுவரில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது.

மேஸ்திரி ராசையா குடையைச் சுருக்கிக்கொண்டு வந்தான். பருத்த ஆள், வாய் நிறைய வெற்றிலை.

"இன்னாடா, கல்லுக்குத் தாலாட்டு பாடிகினு கீறீங்களா? கப்பல் காத்துகினு கீது. ஓனரு என் உசுர வாங்கறாரு."

"முன்பாரம் மேஸ்திரி. இன்னா பண்ணாலும் குனியுது."

"உன்ன ஹார்பர்ல பெரிய கில்லாடின்னு சொன்னாங்கோ. ஒரு கல்ல நிமித்த முடியல. பேஜாரா போச்சி உன்னோட."

லியோனார்ட் சிரித்தான். "நீ ஒருதபா அதாண்ட வந்து அதட்டிப் பாரு மேஸ்திரி. உன் தொப்பையப் பாத்து பயந்து நிமிந்துக்கும்."

"ஏய், வாய்!" என்ற ராசையாவும் சிரித்துவிட்டான்.

இன்னாசி சிரிக்கவில்லை. அவன் கண் லியோனார்டின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் நகர்கிறான். அவன் மனைவி ஆலிஸின் அப்பா அருள்நாதன் துறைமுகத்தில் அறுந்த கயிற்றுவலையின் கீழே மூட்டைகளோடு மூட்டையாகப் போனவர். தம்பியை வேலைக்கு அனுப்பும்போது ஆலிஸ் அழவில்லை. ராயபுரத்து வீட்டு வாசலில் நின்று புருஷனிடம் ஒன்றுதான் சொன்னாள்: "தெனமும் அவன முழுசா கொண்ணாந்து என் முன்னால நிறுத்து. அது போதும்." அன்றிலிருந்து இன்னாசிக்குப் பாரம் எப்படிப் போனாலும் சரி, அதன் கீழே லியோனார்ட் இருக்கக் கூடாது.

தூணின் அடியைக் கழுவச் சொன்னான். உலர்ந்த தாது மண் அடிப்பக்கம் முழுக்கச் சிவப்பாக அப்பியிருந்தது. அதன் கீழே எங்காவது கல் உடைந்திருந்தால் அதுதான் காரணமாக இருக்கும். வாளித் தண்ணீர் கல்லில் வழிந்து ரத்தம் மாதிரி தரையில் ஓடியது. உடைசல் இல்லை. யாளியின் பின்னங்கால்களுக்கு அடியில் ஒரு குழி இருந்தது. முதல் இரண்டு தூண்களில் அந்த இடத்தில் ஒரு மனிதன் செதுக்கப்பட்டிருந்தான்: யாளியிடம் தோற்றவன், முழங்காலும் மார்பும் ஒட்ட மடிந்து, பாதத்தின் கீழே நசுங்கிக் கிடப்பவன். இதில் ஆள் இல்லை. உடைத்து எடுத்திருந்தால் உளித் தடம் இருக்கும். இன்னாசி கையை விட்டுத் தடவினான். பல ஆண்டுகள் யாரோ படுத்துப் படுத்துத் தேய்ந்த பாய் மாதிரி வழவழப்பு. வெளியே மழைக் குளிர். குழிக்குள் கல் வெதுவெதுப்பாக இருந்தது.

கையை எடுத்துக்கொண்டான்.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. லாரி டிரைவர் சௌக்கத் அலி, தலையில் கோணியோடு நனைந்து நின்றார். இந்தக் கற்களைக் கொண்டுவந்து இறக்கியவர் அவர்தான்.

"என் கிளீனர் இங்க வந்தானா நைனா? தவசிமுத்து."

"லோடு எறக்கறப்பவே அவரு இல்லியே பாய்."

"அதான் கேக்கறேன். ராத்திரி லோடு மேலதான் தார்ப்பாயப் போத்திகினு படுத்தான். கடப்பாவுல டீக்கு நிறுத்தினேன். தார்ப்பாய் கீது, ஆளு இல்ல. ஓடற வண்டிலேர்ந்து குதிப்பானா? நாப்பது வயசு ஆளு. வூட்ல பொம்பளைக்கு நான் இன்னா பதில் சொல்றது?" அவர் குரல் தணிந்தது. "பாத்தா சொல்லு. இடது காது பாதிதான் இருக்கும், சின்னதுல நாய் கடிச்சது. டயர் செருப்பு போட்டிருப்பான்."

அவர் போன பிறகு இன்னாசி கதவருகிலேயே நின்றான். மழைச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. சொட்டு, சொட்டு. கூரை ஒழுகி மூன்றாவது தூணின்மேல் விழுந்துகொண்டிருந்தது. பல நாளாகவே ஒழுகுகிறது. அந்தத் தண்ணீர் தூணில் வழிந்து, அடியில் அப்பியிருந்த தாது மண்ணை யாரும் தொடாமலே கரைத்துவிட்டிருந்தது.

அவன் விளக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் குனிந்தான்.

மூன்றாவது யாளியின் காலடியிலும் ஒரு கல் மனிதன் மடிந்து கிடந்தான். முதல் இரண்டு தூண்களில் கிடந்தவர்களுக்குக் கொண்டையும் கச்சையும் காதில் குண்டலமும் இருந்தன. இவனுக்கு இடுப்பில் அரை டிராயர். துணியின் மடிப்பும், மடிப்பில் ஒரு தையலும் கல்லில் இருந்தன. வாய் முழுக்கத் திறந்திருந்தது. பற்கள் தனித்தனியாகத் தெரிந்தன. இடது காது பாதியில் முடிந்திருந்தது.

விளக்கைப் பாதத்துக்குக் கொண்டுபோனான். செருப்பின் அடியில், கருங்கல்லில், லாரி டயரின் வரிகள்.

எந்தச் சிற்பி செதுக்குவான் அதை?

அவன் நிமிர்ந்தான். வீட்டுக்குப் போக வேண்டும். லியோனார்டைக் கூட்டிக்கொண்டு இப்போதே போக வேண்டும்.

"லியோ!"

"இங்கதான் மாமா," என்று நான்காவது தூணின் முன்னாலிருந்து பதில் வந்தது. "மேஸ்திரி ஆப்பு வைக்கச் சொன்னாரு."

லியோனார்ட் மண்டியிட்டு உட்கார்ந்து, வலது கையால் ஆப்பை யாளியின் காலடியில் செருகிக்கொண்டிருந்தான். ராசையா பின்னால் நின்று கடப்பாரையால் தூணை நெம்பிக்கொண்டிருந்தான்.

"கைய எடு! டேய், கைய எட்றா!"

தூண் இறங்கியது.

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. ஈரக் கோணிக்குள் செங்கல் உடைபடுவது மாதிரி மெல்லிய நொறுங்கல். அதன் பிறகுதான் லியோனார்ட் கத்தினான். மணிக்கட்டு வரை கல்லுக்குள் போயிருந்தது. சாக்பீஸ் கோட்டின்மேல் ரத்தம் பரவியது.

இன்னாசி ஓடிப்போய் தூணைக் கட்டியிருந்த இன்னொரு செயின் பிளாக்கின் சங்கிலியை இழுத்தான். இதைவிடக் கனமான பாரத்தை அதே சங்கிலியில் ஒரு கையால் தூக்கியிருக்கிறான். சங்கிலி முறுகியது. கிடங்குக் கூரையின் இரும்புச் சட்டம் முனகியது. தூண் அசையவில்லை.

"மேஸ்திரி! கடப்பாரய போடு, நெம்பு!"

ராசையா நெம்பவில்லை. அவன் தூக்குக்குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். குண்டின் முனை மெதுவாக நகர்ந்து, கோட்டின்மேல் வந்து, ஆடாமல் நின்றது.

"நிமிந்துட்ச்சி," என்றான். வெற்றிலை வாயோரம் வழிந்தது. "இன்னாசி, பாரு. நிமிந்துட்ச்சிடா."

"அவன் கை உள்ள கீது!"

"போன கை போனதுதான். இப்ப தூக்கினா மறுபடி சாயும். இரு, மொதல்ல உத்தரத்த எறக்கிட்றேன். ஒரு நிமிசம். அப்பால எடுத்துக்கலாம்." கடப்பாரையைத் தரையில் போட்டுவிட்டு அவன் உத்தரத்தின் சங்கிலியைப் பிடித்தான். அவன் முகத்தில் கொடுமை எதுவும் இல்லை. பல நாள் கழித்து வேலை முடியப்போகிறவனின் நிம்மதிதான் இருந்தது.

உத்தரம் ஒரு சாண் இறங்கியது.

"மாமா." லியோனார்ட் இப்போது கத்தவில்லை. "வலி நின்னுட்ச்சி மாமா. கை சில்லுன்னு கீது."

இன்னாசி அவன் கையைப் பிடித்தான். மணிக்கட்டுக்கு மேலே தோல் சாம்பல் நிறமாக இருந்தது. விரலுக்கடியில் சொரசொரப்பு. கருங்கல்லின் சொரசொரப்பு. அது ஏறிக்கொண்டிருந்தது. முழங்கை. முழங்கைக்கு மேல். கூடவே அவன் உடம்பும் இழுபட்டுக்கொண்டிருந்தது, முழங்காலால் தரையைத் தேய்த்தபடி, குழியை நோக்கி.

யாளியின் பின்னங்கால் உயர்ந்திருந்தது. கல் பாதத்துக்கும் குழிக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி.

எரிந்த வாடை. சூடான மூச்சு. மேலிருந்து.

இன்னாசி தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"என்ன வுட்ராத மாமா."

இன்னாசி கடப்பாரையை எடுத்தான். யாளியின் காலில் அடித்தான். பொறி பறந்தது. மறுபடி அடித்தான். கடப்பாரையின் முனை வளைந்தது. லியோனார்டின் தோள் குழியின் விளிம்பைத் தொட்டது.

உத்தரம் இன்னொரு சாண் இறங்கியது.

இன்னாசி திரும்பினான். ராசையாவின் முழங்காலில் அடித்தான்.

எலும்பு பின்பக்கமாக மடங்கியது. ராசையா உட்கார்ந்தான், வியப்போடு. "இன்னாடா பண்றே," என்றான். இரண்டாவது அடி தோள்பட்டையில் இறங்கியது. மூன்றாவது எங்கே என்று தெரியவில்லை. இன்னாசி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். பருத்த உடம்பு, ரத்தத்திலும் சிவப்புச் சேற்றிலும் வழுக்கிக்கொண்டு சுலபமாக வந்தது. ராசையா அவன் கையைக் கடித்தான். வெற்றிலைச் சாறும் ரத்தமும் ஒரே நிறம். இன்னாசி விடவில்லை. தலையை முதலில். பிறகு தோள். முழங்காலை மார்போடு ஒட்ட மடக்கினான். காலால் உதைத்துத் திணித்தான்.

குழி அவனுக்குச் சரியாக இருந்தது.

பாதம் இறங்கியது.

அந்தச் சத்தம் நீண்ட நேரம் கேட்டது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக. நடுவில் ராசையா யாரையோ கூப்பிட்டான், பெயர் முடியவில்லை. லியோனார்ட் மல்லாந்து பின்னால் விழுந்தான். அவன் வலது கை முழங்கைக்கு மேலே ஒடிந்து, தூணிலேயே தங்கிவிட்டது. ஒடிந்த இடத்தில் ரத்தம் இல்லை. உடைந்த கல் மாதிரி வறண்டு, சிறு சிறு மினுக்கங்களோடு இருந்தது. மயங்கிக் கிடந்தவனின் மார்பு ஏறி இறங்கியது. உயிர் இருந்தது.

மழை கூரையில் உருண்டுகொண்டிருந்தது.

சாம்பல் நிறம் ராசையாவின் காலிலிருந்து ஏறியது. வேட்டியின் மடிப்பு கல்லானது. உள்ளங்கை கல்லானது. கன்னத்தில் உப்பியிருந்த வெற்றிலை கல்லானது. கண்கள் மட்டும் கடைசிவரை ஈரமாக இருந்தன. அவை லியோனார்டைப் பார்த்தன. சங்கிலியைப் பார்த்தன. இன்னாசியைப் பார்த்தன. கல் உதடுகள் மிக மெல்ல அசைந்தன.

தூக்கு.

தூண் இலேசாக அதிர்ந்தது. குண்டின் நூல் ஒரு நடுக்கம் நடுங்கியது. உள்ளே இருப்பவன் இன்னும் முட்டிக்கொண்டிருந்தான். அவன் வெளியே வந்துவிட்டால் குழி மறுபடி காலியாகும். குழிக்கு முன்னால் லியோனார்ட் கிடந்தான்.

இன்னாசி உத்தரத்தின் சங்கிலியைக் கையில் எடுத்தான். அவசரப்படவில்லை, பாரத்தை இறக்கும்போது அவசரம் கூடாது. கண்ணி கண்ணியாக விட்டான். உத்தரத்தின் முனை போதிகையின்மேல் வந்து, ஒரு மூச்சு விட்டது மாதிரி உட்கார்ந்தது. இடுக்கில் சாக்பீஸ் தூள்கூட நுழையாது. நூலின் நடுக்கம் அடங்கியது. கீழே கண்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன, இடமும் வலமும், இடமும் வலமும்.

மேலே எடை மட்டும் போதாது என்பது இப்போது அவனுக்குத் தெரிந்தது. கீழே உயிரோடு ஓர் ஆளை வைத்து, மேலே உத்தரத்தை இறக்கிவிட வேண்டும். அப்படிச் செய்தால் தூண் சாயாது.